ஐம்பத்தொரு ஜோடிகளும் அகர வரிசையும்

ஜனவரி 6

இன்று வேலை முடிந்தது. முடிந்தது என்றால், அருப்புக்கோட்டையில் இதுவரை யாரும் செய்யாத வேலை முடிந்தது.

எங்கள் அறக்கட்டளை வருடா வருடம் தை மாதத்தில் ஐம்பத்தொரு ஏழை ஜோடிகளுக்கு இலவசத் திருமணம் செய்து வைக்கிறது. போன வருடம் வரை அதற்கான விவரமெல்லாம் பாதி செயலாளர் தணிகாசலம் ஐயாவின் சட்டைப் பையிலும் பாதி அவர் ஞாபகத்திலும் இருந்தன. அதனால்தான் போன வருடம் ஒரு மாப்பிள்ளையை வேனில் ஏற்ற மறந்து, அவர் பட்டுவேட்டியோடு ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்த வருடம் அப்படி நடக்காது. இந்த வருடம் விவரமெல்லாம் தமயந்தியிடம், அதாவது என்னிடம், இருக்கிறது.

எக்செலில் ஐந்து ஷீட். ‘பெண்’, ‘மாப்பிள்ளை’, ‘ஜோடி’, ‘மேடை’, ‘வேன்’. முதல் இரண்டில் மட்டும்தான் நான் தட்டச்சு செய்வேன். மற்ற மூன்றும் அவற்றிலிருந்து தாமாக எடுத்துக்கொள்ளும். ‘பெண்’ ஷீட்டில் ஏழாவது வரிசையில் இருக்கிற பெண்ணும் ‘மாப்பிள்ளை’ ஷீட்டில் ஏழாவது வரிசையில் இருக்கிற பையனும் ‘ஜோடி’ ஷீட்டின் ஏழாவது வரிசையில் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கேயிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து வேனுக்கு. ஒரு பெண்ணின் ஊரை மாற்றினால் அவள் ஏறும் வேன் மாறுகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. யூடியூபில் ஒரு பையன் இந்தியில் சொன்னதை, இந்தி தெரியாமலே, அவன் அம்புக்குறி போகிற இடத்தை வைத்துப் படித்துக்கொண்டேன்.

ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி தாயி, பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துரு” என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஜனவரி 9

தாலி, மெட்டி, கூறைச்சேலை எல்லாம் வந்து இறங்கின. கோமதி அக்கா தலைமையில் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து சீர்த்தட்டு அடுக்குகிறார்கள். நானும் போய் ஒரு சேலையை எடுத்து மடித்தேன்.

“நீ எதுக்குத் தாயி சிரமப்படுற? உன் கம்ப்யூட்டரு காத்துக் கெடக்கு பாரு” என்று கோமதி அக்கா சிரித்துக்கொண்டே அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

எட்டு மாதத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்தவள் மங்கலப் பொருளைத் தொடக்கூடாது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லிவிட முடியாது. எனக்கு ஒன்றுமில்லை. கணினி அறையில் ஏசி இருக்கிறது, கூடத்தில் ஒரே கொசு. தட்டை யார் அடுக்கினால் என்ன, எந்தத் தட்டு எந்தப் பெண்ணுக்கு என்பது என் ஷீட்டில்தானே இருக்கிறது.

ஜனவரி 12

பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். ஐயாவுக்கு ஒரு கவலை. போன வருடம் பத்திரிகையில் முதல் பெயர் யாருடையது என்று இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்து, ஒரு பெரியப்பா கை நனைக்காமலே போய்விட்டார்.

“பொண்ணுக பேரை அகர வரிசையில போட்டுரு தாயி. ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது.”

“ஒரு சொடக்கு ஐயா.”

உண்மையிலேயே ஒரு சொடக்குதான். ‘பெண்’ ஷீட்டைத் திறந்து, பெயர் இருக்கிற பத்தியைத் தொட்டு, அகர வரிசை என்றேன். ஐம்பத்தொரு பெண்களும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பதுபோல் வரிசையில் வந்து நின்றார்கள். அபிநயா முதலில், ஹேமலதா கடைசியில். அவரவர் ஊர், அப்பா பெயர், மெட்டி அளவு எல்லாம் கூடவே நகர்ந்தன. ‘ஜோடி’ ஷீட்டிலும் பெண்கள் அகர வரிசைக்கு மாறியிருந்தார்கள். ஐயா எழுத்துப்பிழை தேடினார், ஒன்றுகூட அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

“பலே” என்றார். ஆறு வருடத்தில் முதல் பலே.

ஜனவரி 15

பொங்கல். விடுமுறை. ஷீட்டைத் திறக்கவே இல்லை. இரண்டு முறைதான் திறந்தேன்.

ஜனவரி 18

பத்திரிகை வந்துவிட்டது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, ஐம்பத்தொரு ஜோடிகளும் ஒரே பக்கத்தில். வேனில் கட்டுக் கட்டாக ஊர்களுக்கு அனுப்பினோம். ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு பெயர் விடாமல் வாசித்தார்.

“நல்லா இருக்குடி. எல்லாம் உன் வேலையா?”

“பின்னே?”

அம்மா அதை சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 20

அச்சகத்தில் ஏதோ குளறுபடி செய்துவிட்டார்கள்.

காலையில் ஆபீஸைத் திறப்பதற்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதல் ஆள் பந்தல்குடியிலிருந்து. “ஏம்மா, என் மகளுக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டீகளா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?” அடுத்தவர், “என் மகனுக்குப் பக்கத்துல இருக்கிற இந்த சுகந்தி யாரு?” என்றார். மூன்றாவது ஆள் நிதானமானவர். “பத்திரிகையில போட்டிருக்கிற பையன் என்னம்மா வேலை பாக்கிறான்? விசாரிச்சுச் சொல்லுங்க, ரெண்டுல எது நல்ல எடமோ பாத்துக்கிருவோம்” என்றார்.

மாலை. அச்சகத்தில் குளறுபடி இல்லை.

எழுதித் தொலைக்கிறேன். நான் ‘பெண்’ ஷீட்டை மட்டும் அகர வரிசைக்கு மாற்றினேன். மாப்பிள்ளைகள் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். ‘ஜோடி’ ஷீட்டுக்கு மனிதர்களைத் தெரியாது, வரிசைதான் தெரியும். ஏழாவதாக வந்து நின்ற பெண் யாரோ, அவளை ஏழாவது பையனுக்குச் சேர்த்துவிட்டது. ஐம்பத்தொன்றில் ராஜலட்சுமி என்கிற ஒரே ஒரு புண்ணியவதி மட்டும் இடம் மாறாமல் தன் மாப்பிள்ளையோடு தப்பினாள். மற்ற ஐம்பது பெண்களையும் நான் ஒரே சொடக்கில் வேறு வேறு ஆண்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோமதி அக்காதான் கூடத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி, “எதுக்கும் ஒரு கைராசி வேணும்” என்றார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. ஏசி குளிரில் கண்ணில் தண்ணீர் வரும்.

ஜனவரி 21

சரி செய்துவிட்டேன். சரி செய்தது மட்டுமில்லை, முன்பைவிட உயர்த்தியாகச் செய்துவிட்டேன்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விண்ணப்ப எண் உண்டு. பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே எண், இரண்டு ஷீட்டிலும் அது முன்பே இருந்தது. கண் முன்னால் இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. இனிமேல் ‘ஜோடி’ ஷீட் வரிசையைப் பார்க்காது. எண்ணைக் கொடுத்தால் பெண் எங்கே நின்றாலும் தேடிப் பிடிக்கும், பையன் எங்கே ஒளிந்தாலும் தேடிப் பிடிக்கும், பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கும்.

சோதித்துப் பார்த்தேன். பெண்களை ஊர்வாரியாகக் கலைத்தேன். மாப்பிள்ளைகளை வயதுவாரியாகக் கலைத்தேன். தலைகீழாகப் புரட்டினேன். ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பிரித்துப் பார்க்கட்டும்.

திருத்திய பத்திரிகை அடிக்கப் போகிறோம். கீழே ‘முந்தைய பத்திரிகையில் நேர்ந்த அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்’ என்று போட்டுவிடலாம் என்றார் ஐயா. அச்சுப்பிழை. நான் மறுத்துப் பேசவில்லை. இத்தனை வருடம் சம்பாதித்த பெயர், யாராவது காப்பாற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

ஜனவரி 23

மத்தியானம் அபிநயா வந்தாள். பத்திரிகையில் முதல் பெயர் அவளுடையது. வேப்பிலைக்குளம், வயது இருபத்திரண்டு, நூல் மில்லில் வேலை. அப்பா மாரிச்சாமி மூடை தூக்குகிறவர். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை சதீஷ். நான் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது முனீஸ்வரன் என்கிற தச்சரை.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அக்கா, புதுப் பத்திரிகை அடிச்சாச்சா?”

“இன்னும் இல்ல. பயப்படாத, இந்தவாட்டி உன் பேருக்குப் பக்கத்துல சதீஷ் பேருதான் வரும். என் பொறுப்பு.”

அவள் முகம் செத்துப்போயிற்று. நான் பெருமையாகச் சொன்னதற்கு இப்படி ஒரு முகத்தை எதிர்பார்க்கவில்லை.

“பேரு மாறி வந்திருக்குன்னு பாத்ததும், மாப்பிள்ளையவே மாத்திட்டாகளோன்னு நெனச்சேன்கா. அன்னைக்கு ஒருநாள்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.”

கதவைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தேன். நிச்சயத்துக்கு அடுத்த வாரமே சதீஷ் மில் வாசலில் வந்து நின்று அவள் போனைக் கேட்டிருக்கிறான். கூட வேலை பார்க்கிற ஒரு பையனின் எண் அதில் இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அதைத் தரையில் அடித்து உடைத்திருக்கிறான். இவள் ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ரோட்டுல வச்சுக் கை நீட்ட முடியல, தாலி கட்டுனப்பறம் வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்கா.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். கல்யாணமானா சரியாயிரும்னாரு. எம் பேரை எடுத்துருங்கக்கா. உங்களால முடியும்னு சொன்னாக.”

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 24

எனக்கும் அந்த எட்டு மாதத்தில், உடைபடுகிற கண்ணாடி வளையலுக்குப் பதில் வாங்கி மாளாது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 25

ஐயாவிடம் போனேன். பெண்ணுக்குச் சம்மதமில்லை, விண்ணப்பத்தை விலக்க வேண்டும் என்றேன். ஐயா நல்ல மனுஷர்தான், ஆனால் நடக்கிற காரியத்தை நிறுத்தத் தெரியாது.

“ஒரு வாரம்தான் இருக்கு. இப்பப் போயி ஒரு ஜோடிய உருவுனா எல்லாம் குலைஞ்சு போகும் தாயி. மேடையில எடம், வேன், சீர்த்தட்டு, பந்தி. சீட்டுக் கட்டுல அடிச்சீட்ட உருவுற கதைதான்.”

“பக்கத்துல வந்து உக்காருங்க ஐயா.”

அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அபிநயாவின் விண்ணப்ப எண்ணை நீக்கினேன். மேடையில் அவள் இடம் இருந்த வரிசை மூடிக்கொண்டது. இரண்டாவது ஜோடி முதலாவது ஆனது, ஐம்பத்தொன்று ஐம்பது ஆனது. வேப்பிலைக்குளத்து வேனில் இடம் காலியானது. எதுவும் சரியவில்லை. பழைய முறையில் இருந்திருந்தால் ஒரு வரிசையை எடுத்ததும் மற்ற ஷீட்டெல்லாம் பிழை பிழை என்று கத்தியிருக்கும். தப்பு செய்ததால்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐம்பது இரட்டைப்படை. நம்ம வழக்கம் ஐம்பத்தொன்னு.”

கடைசித் தேதிக்குப் பிறகு வந்ததால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு மல்லாங்கிணறு ஜோடியின் எண்ணைச் சேர்த்தேன். ஐம்பத்தொன்று. அவர்களுக்கு மேடையில் இடம் வந்தது, வேனில் இடம் வந்தது. அவர் மூச்சுவிடும் நேரத்துக்குள் எல்லாம் வந்தது.

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்புறம், “இதெல்லாம் சரி. பெத்தவன் சம்மதிக்கணுமே. அதுக்கு உன்கிட்ட ஷீட்டு இருக்கா?” என்றார்.

இல்லை. அதற்கு ஷீட் இல்லை. அச்சகத்துக்குப் போன் செய்து, நான் சொல்லும்வரை அச்சில் ஏற்ற வேண்டாம் என்றேன்.

ஜனவரி 26

கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரிச்சாமி வந்தார். ஐயா வரச்சொல்லியிருந்தார். மூவரும் கணினி அறையில் உட்கார்ந்தோம். மகள் சொன்னதை நான் மறுபடி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையாம்மா? பத்திரிகை வச்ச வீட்டுக்கெல்லாம் நான் என்ன சொல்ல? மாப்பிள்ள வீட்டுக்கு என்ன சொல்ல? மக வேணாங்குறான்னு சொன்னா அடுத்த நிமிசம் இவளுக்கு எவன் கூடயோ தொடுப்புன்னு கதை கட்டிருவாக. பெறகு எவன் கட்டுவான்? ஏற்கெனவே பத்திரிகையில பேரு மாறுனதுக்கே, சகுனம் சரியில்லையேன்னு தெருவுல ரெண்டு கெழவிக மொனங்கிட்டுத் திரியிதுக.”

சகுனம். எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

“அதையே சொல்லுங்கண்ணே.”

“எதை?”

“சகுனத் தடைன்னு சொல்லுங்க.”

“அச்சுப்பிழைன்னுல்ல சொன்னீக? அச்சுப்பிழைக்கு யாரும் கல்யாணத்த நிறுத்துவாகளா?”

“அச்சுப்பிழை இல்லண்ணே. பேரை மாத்திப் போட்டது நான். ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, தமயந்தின்னு, புருஷன விட்டுட்டு வந்தவ. அவ கைபட்டு எம் மக பேரு, அதுவும் மொதப் பேரு, வேறொருத்தன் பேரோட சேந்துபோச்சு. அப்பேர்ப்பட்ட கையால தொடங்குன கல்யாணம் எங்களுக்கு வேணாம்னு சொல்லுங்க. உங்க ஊர்ல ஒரு ஆளு எதிர்த்துப் பேசமாட்டாக. மாப்பிள்ள வீட்டுலயும் பேச முடியாது.”

ஐயா, “அப்படியெல்லாம் எதுக்குத் தாயி…” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. இது பலிக்கும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மாரிச்சாமி என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “உங்க பேரு கெட்டுப்போகுமேம்மா.”

“எம் மேல ஏற்கெனவே சொல்றதுதான். கூட ஒண்ணு சொல்லட்டும். இந்தத் தடவையாவது அது ஒரு புள்ளைக்கு ஆகட்டும்.”

அவர் எழுந்து கும்பிட்டார். என்னைவிடப் பெரியவர் அப்படிச் செய்யக்கூடாது என்று கையைப் பிடித்து இறக்கினேன்.  

ஜனவரி 28

சதீஷ் ஆபீஸுக்கு வந்தான். நேராகக் கணினி அறைக்குள் நுழைந்து மேசையில் ஓங்கி அடித்தான். “எவடி எம் பேரை மாத்துனவ?”

“நாந்தான். உக்காருங்க” என்றேன்.

அவன் உட்காரவில்லை. அவன் பேசியதை இங்கே எழுதி நல்ல தாளைக் கெடுக்க வேண்டாம். விசைப்பலகையைத் தூக்கினான். அதற்குள் கூடத்திலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். கோமதி அக்கா வாசலில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா, எறும்பைக்கூட அதட்டாத ஐயா, “வெளிய போடா” என்றார்.

அவன் போன பிறகு விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் வேலை செய்தது. அச்சகத்துக்குப் போன் செய்து, புது ஷீட்டை அனுப்பி, அடிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 1

ஐம்பத்தொரு தாலியும் ஏறின. ஒவ்வொன்றும் உரிய கழுத்தில். ஒரு மாப்பிள்ளைகூட வழியில் நிற்கவில்லை, ஒரு வேன்கூடச் சுற்றி வரவில்லை. மல்லாங்கிணற்றுப் பெண் தாலி ஏறும்போது அழாமல் சிரித்துக்கொண்டிருந்தது, அழகாக இருந்தது.

நான் மண்டபத்தின் பின்பக்கம் மடிக்கணினியோடு இருந்தேன். வந்தவர்கள் என்னைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். “அந்தா, அவதானாம்.” வேப்பிலைக்குளத்துக் கதை எல்லா வேனிலும் ஏறி வந்திருந்தது. ஒரு அம்மாள் தன் மகளை என் பக்கத்திலிருந்து நகர்த்தி அந்தப்பக்கம் உட்கார வைத்தார். ஐயா ஒலிபெருக்கியில் சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரம் எல்லோருக்கும் நன்றி சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அவர் நிலைமையில் சொல்லவும் முடியாது.

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் அந்த மேடையில் ஐம்பத்தொரு பெண்களும் மனசார நிற்கிறார்கள் என்பதைக் கண்டு நிறைந்த நெஞ்சோடு மூன்று வகைப் பாயசத்தையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4

வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் கீரைக்கூடை. என்னைத் தெரியாது. வேப்பிலைக்குளம் என்றார். நான் அருப்புக்கோட்டை என்றதுமே ஆரம்பித்துவிட்டார்.

“உங்க ஊருல ஒருத்தி இருக்காளாமே, கம்ப்யூட்டருல பேரை மாத்தி அடிச்சுப்புட்டாளாம். எங்க தெருப் புள்ள கல்யாணமே நின்னுபோச்சு. வாழாவெட்டி கையில அந்த வேலையக் குடுக்கலாமா? வெளங்குமா?”

“அந்தப் புள்ள எப்படிம்மா இருக்கா?” என்றேன்.

அம்மாளுக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.

“அதை ஏன் கேக்குற! கல்யாணம் நின்னுபோன புள்ள மாதிரியா இருக்கா? ஒரு கண்ணீரு இல்ல, ஒரு கவலை இல்ல. மறுநாளே மில்லு வேனுல ஏறிப் போறா. நேத்துப் பாத்தேன், சன்னலோரம் உக்காந்துக்கிட்டு, கூட இருக்கிற புள்ளைககிட்ட கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டுப் போறா, கூறுகெட்ட கழுத.”

“எப்படிச் சிரிச்சான்னு சொன்னீங்க?”

“கெக்கெக்கேன்னு. ஊரே திரும்பிப் பாக்குது.”

என் நிறுத்தம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அந்தப் பேரை மாத்தி அடிச்சவ நாந்தாம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.